சாவியைக் கழற்றிய பிறகே இறங்க வேண்டும்

ஆக்லாந்து,
நியூசிலாந்து.

அன்புள்ள நைனாவுக்கு,

வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து நம் லாஞ்ச் காசிமேட்டிலிருந்து மறுபடி தொழிலுக்குப் போவதாகவும், நடுக்கடலில் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டபோது தம்பி மூச்சடக்கிக் குதித்து அறுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் பெருமைப்பட்டு எழுதிய அந்தச் செய்திதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. என் பிழைப்பே படகுக்கு அடியில் நடப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடையில் நாம் லாஞ்சைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதைப் போல, இங்கும் பாய்மரப் படகுகளைக் கரையேற்றுவார்கள். அதற்குச் செலவு அதிகம் என்பதால், இடைப்பட்ட மாதங்களில் முக்குளிப்பவர்களான எங்களைத் தண்ணீரில் இறக்கி அடிப்பகுதியைத் துடைக்கச் சொல்கிறார்கள். காற்றை நம்பி ஓடும் படகுக்கு வழுவழுவென்ற மெல்லிய பாசிப் படலமே வேகத்தைக் குறைத்துவிடும். அடியில் பூசும் பெயின்டில் கலந்திருக்கும் தாமிரம்தான் பாசியையும் சிப்பியையும் ஒட்டவிடாமல் தடுக்கிறது; அழுத்தித் தேய்த்தால் அந்தப் பெயின்டே கரைந்து முகத்துக்கு முன்னால் புகைபோலக் கிளம்பும். அதைக் கண்டதும் கையைத் தளர்த்திவிட வேண்டும், அல்லது இன்னும் மென்மையான பஞ்சுக்கு மாற வேண்டும். சிப்பி தடித்துப் படிந்திருந்தால் தண்ணீரில் சுரண்டாமல் கரையேற்றித்தான் சுத்தம் செய்கிறோம். மத்தியதரைக் கடலைச் சேர்ந்த ஒரு விசிறிப்புழு 2009இல் இந்தத் துறைமுகத்தில் கண்டறியப்பட்டது. அதைப் போன்றவை படகோடு படகாக வேறு கரைகளுக்கும் பரவிவிடும் என்ற அச்சம் இங்கே பெரிது. பாசியில் குடியிருக்கும் பொடி இறால் போன்ற பூச்சிகள் காதுக்குள் புகுவதால் ரப்பர் குல்லாய் இல்லாமல் இறங்குவதில்லை. இந்தக் குளிருக்கும் அது வேண்டும்தான்.

அம்மா ஆழத்தை நினைத்துப் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலான படகுகளின் அடியில் நீண்டிருக்கும் ஏரா சுமார் 2 மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. நான் அஞ்சுவது மேலே இருப்பவர்களின் மறதிக்கு. ஆள் கீழே இருப்பது தெரியாமல் ஒருவர் எஞ்சினைத் திருகினால் போதும். ஆகையால் சாவியைக் கழற்றி என் கூட்டாளி தன் கழுத்தில் மாட்டிக்கொள்வார். ஆள் தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காட்டும் வெள்ளையும் நீலமுமான கொடியை ஏற்றுவோம். கரையிலிருந்து படகுக்கு வரும் மின்கம்பியைப் பிடுங்கிவிடுவோம், ஏனென்றால் பழுதான கம்பியிலிருந்து கசியும் மின்சாரம் தண்ணீரில் இருப்பவனை நீந்தவிடாமல் செயலிழக்க வைக்கலாம். மேலிருந்து குழாயில் காற்று அனுப்பும் கம்ப்ரஸர், எஞ்சின் புகையை இழுக்காத பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வோம். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

தம்பிக்கு முக்கியமாக ஒன்று சொல்லுங்கள். குதிப்பதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிடும் பழக்கம் அவனுக்கு உண்டு. அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வே தாமதமாகத்தான் வரும்; அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். ஆழம் ஆளுயரமே ஆனாலும் இதுதான் கதி. அதோடு, அலையில் லாஞ்சின் பின்பக்கம் ஏறி இறங்கும்போது தலையில் இடித்தாலும் பிழைப்பது கடினம்.

இனி வலை சுற்றினால், முடிந்தவரை இன்னொரு லாஞ்சைக் கூப்பிட்டு இழுத்துவரச் சொல்லித் துறைமுகத்துக்குள்ளேயே அறுக்கட்டும். வேறு வழியின்றிக் கடலில் இறங்கத்தான் வேண்டுமென்றால், எஞ்சினை நிறுத்திப் பேட்டரி இணைப்பைக் கழற்றி, சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். டிரைவரிடமும் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தங்கள் அன்பு மகன்