இரவு பேட்ச் நிற்பதும் இடக் கணக்கும்

ஆசிரியருக்கு,

வங்கியின் இரவு பேட்ச் (அன்றைய கணக்குகளை மொத்தமாக முடிக்கும் ஓட்டம்) நின்று, காலையில் கணக்கில் பணம் ஏறாமல் போனால் 'சர்வர் கோளாறு' என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் ஓடும் ஜாப் நடுவழியில் நிற்க வழக்கமான ஒரு காரணம், எழுதப்படும் டேட்டாசெட்டுக்கு (ஃபைலுக்கு) ஜேசிஎல்லில் (ஜாபை ஓட்டும் கட்டளைத் தொகுப்பில்) ஒதுக்கிய இடம் போதாமல் போவது. பி37, டி37, இ37 என்ற அபெண்டுகள் (ஜாப் பாதியில் விழும் பிழைகள்) இந்த வகைதான். சென்னையில் இந்த வேலையில் இருக்கும் இளைஞர்கள் பலர் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அபெண்ட் வந்ததும் பிரைமரியை (முதலில் கேட்கும் இடத்தை) இரட்டிப்பாக்கி ரீஸ்டார்ட் செய்கிறார்கள். அது தப்பு. முதலில் பிளாக் சைஸை, அதாவது ஒரே தடவையில் எழுதும் ரெக்கார்டுக் கட்டின் அளவைப் பார்க்க வேண்டும். 3390 வகை வட்டில் டிராக்குக்கு (வட்டின் ஒரு தடத்துக்கு) இரண்டு பிளாக் என்றால் ஒரு பிளாக் 27,998 பைட் வரை போகலாம். 200 பைட் ரெக்கார்டுக்கு அது 200இன் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் 27,800. அப்போது டிராக்குக்கு 278 ரெக்கார்டு, 15 டிராக் உள்ள சிலிண்டருக்கு 4,170. பத்து லட்சம் ரெக்கார்டு 240 சிலிண்டரில் அடங்கிவிடும். அதையே பிளாக் செய்யாமல், ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்தனியாக எழுதினால் டிராக்குக்கு 66தான். 1,011 சிலிண்டர் வேண்டும். ஒரு ரெக்கார்டுகூடக் கூடவில்லை, இடம் மட்டும் நான்கு மடங்கு! கோபோல் நிரலில் எஃப்டியின் (ஃபைல் விவரிப்பின்) கீழ் 'பிளாக் கன்டெயின்ஸ் 0 ரெக்கார்ட்ஸ்' விட்டுப்போனால் இதுதான் நடக்கும். பிளாக்0 ஆப்ஷனோடு கம்பைல் செய்திருந்தால் தப்பிக்கலாம்.

அடுத்தது எக்ஸ்டென்ட், அதாவது வட்டில் தொடர்ச்சியாகக் கிடைக்கும் ஒரு துண்டு இடம். சாதாரண சீக்வென்ஷியல் டேட்டாசெட்டுக்கு ஒரு வால்யூமில் (வட்டில்) 16தான். பிரைமரி 240, அது நிறைந்தபின் ஒவ்வொரு தடவையும் கூடும் செகண்டரி 24 என்று (240,24) கேட்டால் 240 + 15×24, அதாவது 600 சிலிண்டர் வரை வளரலாம். வட்டில் காலி இடம் துண்டு துண்டாகக் கிடந்தால் பிரைமரிக்கே 5 எக்ஸ்டென்ட் போய்விடும். மிச்சம் 11, உச்சம் 504. நேற்று ஓடிய ஜாப், டேட்டா ஏதும் பெருகாமலே இன்று பி37இல் விழுவது இப்படித்தான். டி37 என்றால் செகண்டரி கேட்கவே இல்லை என்று பொருள். பிடிஎஸ்ஸில் (பல மெம்பர்கள் கொண்ட டேட்டாசெட்டில்) இ37 வந்தால், அழித்த, மாற்றிய மெம்பர்களின் பழைய இடம் அடைந்து கிடக்கிறதா என்று பார்த்து ஐஇபிகாப்பி என்ற பயன்பாட்டு நிரலால் கம்ப்ரெஸ் செய்ய வேண்டும்.

மிஞ்சிய இடத்தைத் திருப்பித் தர ஜேசிஎல்லில் ஆர்எல்எஸ்இ போடுவது நல்ல பழக்கம். ஆனால் தினமும் டிஸ்ப்=மாட் போட்டுக் கடைசியில் சேர்த்து எழுதும் ஃபைலுக்கு வேண்டாம். அன்றன்று மிச்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மறுநாள் புது எக்ஸ்டென்ட் கேட்கும். பதினாறும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ரீஸ்டார்ட்டுக்கு முன் டிஸ்பின் மூன்றாவது மதிப்பையும் (ஜாப் விழுந்தால் டேட்டாசெட்டை என்ன செய்வது என்பதை) பாருங்கள். அது கேட்லக் என்றிருந்தால் பாதி எழுதிய டேட்டாசெட் அதே பெயரில் நிற்கும். எஸ்எம்எஸ் (கணினியே இடத்தை நிர்வகிக்கும்) வட்டில், பெயர் ஏற்கெனவே உள்ளது என்று ஜாப் மறுபடி விழும். டெலீட் என்று வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

– மெயின்ஃப்ரேம் நிரலர், சென்னை