திரும்பி வரும் ராக்கெட்டும் குறையாத கட்டணமும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. விமானப் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வானத்தை விட்டு உங்கள் கவனம் இறங்கவில்லை என்பதில் மகிழ்ச்சி. ராக்கெட்டுகள் திரும்பி வந்து தரையிறங்கத் தொடங்கிய பின்னும் விண்வெளிப் பயணம் ஏன் பெரும் செல்வந்தர்களுக்கே எட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

செலவு எரிபொருளில் இல்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டுக்கு ஒரு முறை நிரப்பும் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் சில லட்சம் டாலருக்குள் அடங்கிவிடும். ஏவுவதற்கான கட்டணமோ ஆறு கோடி டாலருக்கும் மேல். உற்பத்திச் செலவில் பாதிக்கும் அதிகமான பங்கு, ஒன்பது எஞ்சின்கள் பொருத்தப்பட்டு, தரையிலிருந்து முதலில் உந்திக் கிளப்பும் கீழ்ப்பகுதியான முதல் அடுக்கில்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் முதன்முறையாகப் பத்திரமாகத் தரையிறங்கிய அந்த அடுக்கு வகையில், இன்று சில முப்பது முறைக்கு மேல் பறந்துவிட்டன. ஆனால் இறங்குவதற்கென எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டியிருப்பதால் ஏற்றிச் செல்லும் எடை கணிசமாகக் குறைகிறது. மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் மேல் அடுக்கு ஒவ்வொரு முறையும் வீணாகிறது. அதையும் மீட்கத்தான் அதே நிறுவனத்தின் புதிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப் முயல்கிறது.

மீட்பது மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் விண்வெளி ஓடமே (ஸ்பேஸ் ஷட்டில்) சாட்சி. 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்த அந்த ஓடங்கள் ஆண்டுக்குப் பல பத்து முறை பறக்கும் என்று தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். மிக அதிகமாகப் பறந்த 1985இல்கூட ஒன்பது பயணங்களே நடந்தன. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் வெப்பக் காப்பு ஓடுகளை ஒன்றொன்றாகச் சோதித்து, எஞ்சின்களைக் கழற்றிப் பார்த்து, பெரும் பணியாளர் படையை ஆண்டு முழுவதும் வைத்துக் காத்ததால், திட்டத்தின் மொத்தச் செலவைப் பயணங்களால் வகுத்தால் ஒன்றுக்கு நூறு கோடி டாலரைத் தாண்டியது. அதை மறுபயன்பாடு என்பதைவிட மறுகட்டுமானம் என்பதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஏவும் நிறுவனத்துக்கு ஆகும் செலவு வேறு, நாம் கொடுக்கும் விலை வேறு. 2016இல் 6.2 கோடி டாலராக இருந்த ஃபால்கன் 9 பட்டியல் விலை, அதன் பிறகு ஏறியதே தவிர இறங்கவில்லை. மிச்சமான பணத்தின் பலன் பெரும்பாலும் ஸ்பேஸ்எக்ஸின் சொந்த இணையச் சேவையான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்கே போய்ச் சேர்கிறது; போட்டி இல்லாத இடத்தில் விலையை யார் குறைப்பார்கள்? 2025 நவம்பரில் போட்டி நிறுவனமான ப்ளூ ஆரிஜினின் நியூ கிளென் ராக்கெட்டும் தன் முதல் அடுக்கை மீட்டிருப்பதால், இனியாவது இந்த நிலை மாறக்கூடும். மனிதர்கள் செல்வதென்றால் விண்கலம், உயிர்காப்பு அமைப்புகள், பயிற்சி என்று தனிச் செலவுகள் வேறு இருக்கின்றன.

ஒரு விமானம் தரையிறங்கிச் சில மணி நேரத்தில் மீண்டும் பறக்க, எந்தெந்தச் சோதனைகளைத் துணிந்து ஒத்திப்போடலாம் என்பதை உங்கள் துறை எப்படி முடிவு செய்தது? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்