உங்கள் கிட்டார் திரும்பி வரக் கூடுதல் நாள் ஆவது ஏன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

கடந்த சித்திரை மாதத்திலிருந்து எங்கள் பட்டறையில் பழுதுபார்ப்புக்கு விடப்படும் கிட்டார்கள் முன்புபோல் விரைவாகத் திரும்பக் கிடைப்பதில்லை. தந்தி மாற்றி, தந்திகள் கழுத்துக்கு மேல் நிற்கும் உயரமான ஆக்‌ஷன் சரிசெய்வதற்கு முன்பு ஒரே நாள் போதுமென்று வாங்கிவைத்தோம். இப்போது நான்கு நாள் கேட்கிறோம். பெயர்ந்த பிரிட்ஜை (முகப்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டையை) ஒட்டித்தர மூன்று நாள் சொன்ன இடத்தில் இப்போது பத்து நாள் சொல்கிறோம். உங்களில் பலர் நேரிலும் தொலைபேசியிலும் காரணம் கேட்டீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முழுமையாகச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இந்தப் பட்டறையின் பெயர் இத்தனை ஆண்டுகள் ஒரே மனிதரின் கையை நம்பித்தான் நின்றது. வடபழனிப் பக்கத்து இசைக்கலைஞர்கள் பலர் ‘பெரியவர்’ என்று மட்டுமே அழைக்கும் அவருக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டது. கை இன்னும் நடுங்கவில்லை. கண்தான் மாலையில் களைத்துவிடுகிறது. அவர் அறிந்ததை இன்னொருவர் கையில் ஏற்றாமல் விட்டால், சில ஆண்டுகளில் இங்கே தந்தி விற்க மட்டுமே முடியும் என்று உணர்ந்து, கற்றுத்தருமாறு அவரை வேண்டினேன். அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: கற்பவர் எவராயினும் முதலில் ஒரு கிட்டாரை முழுதாகச் செய்து முடித்த பிறகே வாடிக்கையாளரின் கிட்டாரைத் தொட வேண்டும். இப்போது இருவர் கற்கிறோம், கடையை நடத்தும் நானும், மரவேலைக் குடும்பத்திலிருந்து வந்திருக்கும் ஓர் இளம்பெண்ணும்.

முதல் மூன்று மாதம் உளியும் இழைப்புளியும் தீட்டுவதிலும், கழிவுப் பலகையில் ஃப்ரெட்டுக்கான (கழுத்தின் குறுக்கே பதியும் உலோகக் கம்பிகளுக்கான) வெட்டுகளை ரம்பத்தால் இழுப்பதிலுமே போயின. தந்தியைத் தலைப்பக்கம் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜின் மேல் தாங்கும் சேடில் வரை 648 மில்லிமீட்டர் என்று கொண்டால், முதல் ஃப்ரெட் அந்த நீளத்தை 17.817-ஆல் வகுத்த தொலைவில், அதாவது ஏறத்தாழ 36.4 மில்லிமீட்டரில் வரும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது கிடைக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட் மிகச் சரியாகப் பாதியில், 324-இல் நிற்க வேண்டும். கணக்கு எளிது. அந்தப் பெண் ஒவ்வொரு வெட்டையும் அதற்கு முந்தைய வெட்டிலிருந்து அளந்து கொண்டு போனார். ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவே பிசகியது. பன்னிரண்டாவதை அடைந்தபோது அந்தப் பிசகுகள் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டர் ஆகியிருந்தன. பெரியவர் திட்டவில்லை. அந்தப் பலகையையே ஒரு பழைய நெக்கில் (கிட்டாரின் கழுத்தில்) ஒட்டச் சொல்லி, ஃப்ரெட் அடித்து, ஒரே ஒரு தந்தி பூட்டி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு எழும் ஒலியையும் அழுத்தி எழுப்பும் ஒலியையும் மாறி மாறிக் கேட்க வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. “எல்லா வெட்டையும் நட்டிலிருந்தே அளக்கணும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அந்தப் பாடத்தை எங்கள் இருவர் காதும் இனி மறக்காது.

கிட்டார் செய்யத் தெரியாமலே பழுது பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நைலான் தந்திக்கென்று செய்த கிளாசிக்கல் கிட்டாரில் இரும்புத் தந்தி பூட்டி, முகப்பலகை வயிறுபோல் உப்பி, பிரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்த நிலையில் மாதந்தோறும் சில கிட்டார்கள் எங்களிடம் வருகின்றன. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ விசையில் இழுக்கும். இரும்புத் தந்திகளோ 70 கிலோவுக்கும் மேல் இழுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் நிலைபெறச் செய்த, முகப்பலகையின் உட்புறம் ஒட்டும் விசிறி வடிவச் சட்டங்கள் முதல் வகைக்கானவை. இரும்புத் தந்தியின் இழுப்பைத் தாங்க அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் பரவலாக்கிய குறுக்குச் சட்டங்கள் வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள ஸ்ப்ரூஸ் மரப் பலகையில் அந்தச் சட்டங்களைத் தன் கையால் ஒட்டி, செதுக்கி, தட்டிக் கேட்டவருக்குத்தான் உப்பிய பலகையில் எந்தச் சட்டம் விட்டிருக்கிறது என்று உள்ளே கைவிட்டுத் தடவியே சொல்ல முடிகிறது.

பிரிட்ஜ் வேலைக்குப் பத்து நாள் கேட்பதற்கு எங்கள் தவறு ஒன்றும் காரணம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பெரியவர் ஊரில் இல்லாத நாளில், மறுநாள் கச்சேரி என்ற அவசரத்தில் வந்த ஒரு கிட்டாரின் பிரிட்ஜை நானே சூடாக்கிப் பெயர்த்தேன். மர இழை எந்தப் பக்கம் சரிந்து ஓடுகிறது என்று பார்க்காமல் கத்தியைச் செலுத்தியதால், அது பசைக்கோட்டை விட்டு இறங்கி, முகப்பலகையிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்குச் சிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்தது. செலவை நாங்களே ஏற்றோம், பெரியவர் ஒட்டுப்போட்டுச் சீராக்கினார். ஆனாலும் அந்த வடு அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் பிரிட்ஜ் வேலையில் இப்போது அவசரப்படுவதில்லை. அந்த வாடிக்கையாளரிடம் இங்கேயும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்னைக் காற்றையும் சொல்லியாக வேண்டும். கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. நம் ஊரில் அது பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கிறது. ஈரத்தில் ஊறிய மரத்தை அன்றே அளந்து சரிசெய்து கொடுத்தால், குளிரூட்டிய அறைக்குப் போனதும் பலகை சுருங்கி, ஆக்‌ஷன் மாறி, தந்தி ஃப்ரெட்டில் உரசி இரைகிறது. ஆகவே எந்தக் கிட்டாரும் இப்போது எங்கள் ஈரம் நீக்கிய சிறிய அறையில் இரண்டு நாள் இருந்த பிறகே மேசைக்கு வருகிறது. தந்தி மாற்றிச் சரிசெய்யும் வேலைக்கு நாங்கள் கேட்கும் கூடுதல் நாட்களில் பெரும்பகுதி இதற்கே போகிறது, கற்பவர்களின் தாமதத்துக்கு அல்ல.

உங்கள் கிட்டாரை யார் தொடுகிறார்கள் என்ற கேள்விக்கும் விடை தந்துவிடுகிறேன். தந்தி மாற்றுதல், சுத்தம் செய்தல், ஃப்ரெட் மெருகிடுதல், எலும்பு நட் செதுக்குதல் ஆகியவற்றை நாங்கள் இருவரும் செய்கிறோம். பெரியவர் வாசித்துப் பார்த்த பிறகே உறைக்குள் வைக்கிறோம். பிரிட்ஜ், நெக் மூட்டு, முகப்பலகை விரிசல் ஆகியவை இப்போதைக்கு அவர் கையால் மட்டுமே நடக்கும், நாங்கள் கூட நின்று பிடித்துக்கொடுப்போம். தம் கிட்டாரில் கற்பவர் கைபடவே வேண்டாம் என்று கருதுவோர் ரசீதில் அப்படி எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கட்டணம் உயர்த்தப்படவில்லை.

கச்சேரியோ ஒலிப்பதிவோ இருந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே கொண்டுவாருங்கள். வரும் வழியில் வெயிலில் நிறுத்திய காரில் கிட்டாரை விட்டுவைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகி, நீங்கள் சொல்லவந்த பழுதோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். அந்தப் பெண் செய்து முடித்த முதல் கிட்டார் கடை முகப்பில் தொங்குகிறது. அது விற்பனைக்கு அல்ல. காத்திருக்கும் நேரத்தில் எடுத்து வாசித்துப் பார்த்து, குறை தென்பட்டால் அவரிடமே சொல்லுங்கள். அவர் குறித்துவைத்துக்கொள்கிறார்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்