வனவியல் மாணவர்களுக்குக் கதவடைத்த கல்வி அறவாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறவாரியப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். முதுநிலைப் படிப்புக்குக் கடனுதவி வழங்கும் துறைகளின் பட்டியலிலிருந்து வனவியலை இவ்வாண்டு நீக்கியிருக்கிறீர்கள். "வேலை வாய்ப்புக் குறைந்த துறை" என்ற ஒற்றை வரியைத் தவிர, விண்ணப்பித்தவர்களுக்கு வேறு விளக்கம் எதுவும் தரப்படவில்லை. அம்முடிவைத் திரும்பப் பெற்று, வனவியலை மீண்டும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நீங்கள் நிராகரித்தவர்களில் மாணவி ஒருவரை நான் நன்கு அறிவேன். கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்தவர், தந்தை லோரி ஓட்டுநர். வனவியலில் இளங்கலைப் பட்டம் பெற்று, பேராக் மாநிலத்தின் மாத்தாங் அலையாத்திக் காட்டில் முதுநிலை ஆய்வைத் தொடங்கியிருக்கிறார். நூறாண்டுகளுக்கும் மேலாகத் திட்டமிட்டு, முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டியும் வளர்த்தும் பராமரிக்கப்படும் அக்காட்டில், மரங்களுக்கடியில் வலைகளைக் கட்டி, உதிரும் இலைகளை மாதந்தோறும் சேகரித்து, உலர்த்தி எடைபோடுவது அவருடைய ஆய்வின் அடிப்படை வேலை. கடல் ஏற்றவற்றம் பார்த்துத்தான் படகு உள்ளே போக முடியும். படகு வாடகையும் கோலாலம்பூரிலிருந்து போய்வரும் செலவும், கிடங்கில் இரவு வேலை பார்த்து அவர் ஈட்டும் பணத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. உங்கள் கடிதம் வந்த மாதத்தில் அவரிடம் படகுக்குப் பணம் இல்லை. ஒரு மாதம் விடுபட்டால் ஓராண்டுத் தொடர் அறுந்துவிடும்; மழைக்காலத்து உதிர்வைக் கோடைக்கால எடையை வைத்து ஊகித்து நிரப்ப எந்த மேற்பார்வையாளரும் அனுமதிக்க மாட்டார். ஆகவே அவர் முதல் மாதத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கிறது. நீங்கள் மறுத்த தொகையோடு அவருடைய வாழ்நாளில் ஓராண்டும் போய்விட்டது என்பதை உங்கள் குழு அறிந்திருக்கிறதா?

நேர்முகத் தேர்வில், அரசாங்க வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்கள். கடனைத் திருப்பிப் பெற வேண்டிய அமைப்பு கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அளித்த பதிலை எடைபோடத் தெரிந்த ஒருவர்கூட அந்த மேசைக்குப் பின்னால் இல்லை என்பதே என் வருத்தம். அந்தப் பதிலை, இத்துறையில் ஊதியம் பெற்று வாழும் ஒருவன் என்ற முறையில், நான் சொல்கிறேன்.

2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் முதிர்ந்த மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் உயிரிழந்ததும் பல வாகனங்கள் நசுங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். வெளியே பசுமையாக நிற்கும் மரம் உள்ளே உளுத்திருக்கிறதா என்பதை, தண்டைச் சுற்றி உணர்கருவிகளைப் பொருத்தி, ஒலி அலை ஊடுருவும் வேகத்தைக் கொண்டு கணிக்கிறோம். கருவி ஒரு படத்தைத்தான் தரும். அந்த மர இனத்தின் இயல்பு, வேர் பரவும் விதம், பக்கத்தில் தோண்டிய வடிகால் எந்த வேரை அறுத்திருக்கும் என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, வெட்டலாமா காக்கலாமா என்று கையொப்பமிடும் பொறுப்பு மனிதருடையது. அந்தப் பொறுப்பை ஏற்கும் தகுதியை எனக்குத் தந்தது முதுநிலைப் படிப்பு.

காடுகளிலும் அப்படித்தான். மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், மரத்தின் விட்டத்தை அளக்க இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். அடிமரத்தைத் தாங்கும் பலகை வேர் அதற்கும் மேலே ஏறியிருந்தால் எங்கே அளப்பது, எத்தனை மாதிரிப் பரப்புகள் எடுத்தால் முழுக் காட்டைப் பற்றிப் பேசலாம், கணக்கில் எவ்வளவு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பவற்றுக்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெய், ரப்பர், மரப்பொருள் ஆகியவற்றைத் தன் சந்தையில் தடுக்க வகைசெய்கிறது. விளைந்த நிலத்தின் புவியிட விவரத்தையும் கேட்கிறது. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பச்சை, காடா தோட்டமா என்று பிரித்தறியத் தெரிந்தவர்கள் இதற்குத் தேவை. பங்குச் சந்தை நிறுவனமான புர்சா மலேசியா, கரிம வரவுகளை வாங்கி விற்கும் கரிமச் சந்தையை 2022 டிசம்பரில் தொடங்கியது. காட்டு மரங்கள் சேமித்துவைக்கும் கரிமத்தை அங்கு விற்பதானால், அதையும் யாரோ ஒருவர் களத்தில் அளந்தாக வேண்டும். மரச் சான்றளிப்புத் தணிக்கை, 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமான பினாங்குக் கொடிமலை, 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் பூங்கா என்று வனவியலாளர் தேவைப்படும் இடங்களை இன்னும் சொல்லலாம்.

இத்துறையில் எல்லாம் எளிது என்று நான் வாதிடவில்லை. காடும் நிலமும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கூட்டரசு நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் ஓர் அறிவிப்பு வந்ததும் எல்லா மாநிலங்களிலும் பணியிடம் முளைத்துவிடாது. வன இலாகாவை மட்டும் நம்பிப் படிப்பவர் நீண்ட நாள் காத்திருக்க நேரலாம். புள்ளியியலையும், நிலப்படத் தரவுகளைக் கணினியில் ஆராயும் புவித்தகவல் முறைமையையும் தவிர்த்துவிட்டு வெறும் சான்றிதழோடு வெளிவருபவருக்குத் தனியார் துறையிலும் இடம் கிடைப்பது கடினம். மாணவர் எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தார், களத்தில் எவ்வளவு காலம் இருந்தார் என்று விண்ணப்பத்தில் கேளுங்கள், அதன்படி மதிப்பிடுங்கள். துறையையே அடித்துவிடுவதால் நல்ல மாணவரும் சேர்ந்து விலக்கப்படுகிறார்.

நம் பாட்டன்மார் இந்நாட்டின் காட்டைத் திருத்தி ரப்பர் நட்டவர்கள். எஞ்சிய காட்டின் எதிர்காலத்தை முடிவு செய்யும் மேசைகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அமர வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. மருத்துவம், சட்டம், கணக்கியல் ஆகியவற்றைத் தாண்டி நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டத் துணியாத அமைப்பு, வழிகாட்டி என்ற பெயருக்குப் பொறுப்பேற்க வேண்டாமா? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நீங்கள் நடத்தும் உயர்கல்வி விளக்கக் கூட்டங்களில் வனவியலாளர் ஒருவரைக்கூட நான் மேடையில் பார்த்ததில்லை.

என் குரலில் கடுமை கூடியிருந்தால் பொறுத்தருள்க. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளை நீங்கள் பட்டதாரிகளாக்கியிருக்கிறீர்கள் என்பதை மறக்கவில்லை. அதனால்தான் இதை உங்களிடம் கேட்கிறேன். வனவியலை மீண்டும் பட்டியலில் சேருங்கள். அத்துறை விண்ணப்பங்களை ஆராயும் நாளில் துறை அறிந்த ஒருவரைக் குழுவில் அமர்த்துங்கள். ஊதியம் ஏதுமின்றி வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். செந்தூல் மாணவியின் விண்ணப்பத்தை அடுத்த பருவக் கட்டணம் கட்ட வேண்டிய நாளுக்கு முன்பாக மறுபரிசீலனை செய்து, முடிவை எழுத்து மூலம், காரணங்களோடு தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வனவியல் முதுநிலைப் பட்டதாரி ஒருவன்,
கோலாலம்பூர்