வியர்வை காயாத ஊரில் இருக்கும் மகளுக்கு

குன்னூர்,
மே 24.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீயும் நலம் என்று போனில் சொன்னாய். ஆனால் சொன்ன குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. சனிக்கிழமை இரவு மூன்று முறை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. மறுநாள் நண்பகலில், ஆட்டம் முடிந்து அசந்து தூங்கிவிட்டதாகச் சொன்னாய். தோற்றால்கூட எந்தப் புள்ளியில் ஆட்டம் கைநழுவியது என்று கால் மணி நேரம் சொல்லுகிறவள், இம்முறை ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வராததால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் வீட்டுக் கூரை வேலை பாதியில் நிற்கிறது. சின்னம்மா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

நீ பாட்மிண்டன் விளையாடும் அரங்குக்கு ஆகஸ்டில் நானும் வந்திருந்தேன் அல்லவா? தகரக் கூரை; கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறார்கள். காரணம் எனக்குத் தெரியாததல்ல. பதினாறு இறகு சேர்ந்த பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான். சிறு காற்றுக்கும் அது திசை மாறிவிடும். அந்த ஐந்து கிராமுக்காக ஐம்பத்தெட்டுக் கிலோ உடம்பைக் காற்றில்லாத அறையில் ஓடவிடுகிறோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஓரத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கே கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நீ ஆடிய இடத்தில் தரையில் சொட்டுச் சொட்டாக வியர்வை விழுந்து கிடந்ததையும், ஒரு பையன் ஓடி வந்து துடைத்ததையும் பார்த்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

தேயிலைப் பாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் சுவரோரம் தொங்கும் இரட்டை வெப்பமானி உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் அதன் திரித் துணியை நனைக்கும் வேலையை உனக்குத்தான் கொடுப்பேன். டிரை பல்பு ஒரு எண் காட்டும். ஈரத்துணி சுற்றிய வெட் பல்பு அதைவிடக் குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் காற்று இலையின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மழைக் காலத்து இரவுகளில் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அப்போது விடிய விடிய விசிறி ஓடினாலும் இலை வாடாது. முப்பத்தோரு வருடம் அந்த இடைவெளியைப் பார்த்துப் பார்த்தே பிழைத்தவன் நான். உன் ஊரில் வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று போனில் பார்க்கும்போதெல்லாம் அந்த மழைக்கால இரவுகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. வியர்ப்பதனால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை காய்வதனால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுவதும் காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் வழிந்து தரையில் விழுந்தால், தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். உள்ளே இருக்கும் சூடு உள்ளேயே நிற்கும். உடம்போ இன்னும் குளிரவில்லையே என்று மேலும் மேலும் வியர்த்துக்கொட்டும். ஆகவே உனக்கு மட்டும் ஏன் இப்படி ஊற்றுகிறது என்று நீ வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் வந்து மூன்று வாரம் இங்கிருந்தே அலுவலக வேலை பார்த்தாய். அந்த மூன்று வாரமும் இரவில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கினாய். சூட்டுக்குப் பழக உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், அதிகமாகவும் வியர்க்கும், ஆனால் வியர்வையில் உப்பைக் குறைத்துவிடும். மலையில் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டால் அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. மலை இறங்கும் வழியில் பர்லியாறு தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறோம். உடம்பு தன் ஸ்வெட்டரை அவ்வளவு விரைவில் கழற்றுவதில்லை, பாப்பா. நீ செவ்வாய்க்கிழமை இறங்கினாய், சனிக்கிழமை அலுவலகப் போட்டியில் மூன்று ஆட்டம் ஆடினாய். இனி ஊருக்கு வந்து திரும்பினால் முதல் நாள் இருபது நிமிடம், அதுவும் பாதி வேகத்தில், பிறகு நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஏற்று. இதை நீ கட்டாயம் செய்ய வேண்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நீ துவைக்கப் போட்ட கறுப்புப் பனியனை அம்மா எனக்குக் காட்டினாள். முதுகிலும் கழுத்தோரத்திலும் வெள்ளை வெள்ளையாக, தேசப்படத்தில் கரை வரைந்ததுபோல் உப்புப் படிந்திருந்தது. அப்படிப் படிகிறதென்றால் உன் வியர்வையில் உப்பு அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் இருக்கும் உப்பும் நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்துதான். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு டம்ளர் தண்ணீரோ உப்புப் போட்ட நீர்மோரோ குடி. ஆடும்போது தாகம் தொண்டையை அடைக்கும்வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. ஓ.ஆர்.எஸ். பொடி பத்துப் பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அவசரத்துக்குச் சின்ன பாட்டிலில் கொட்டிக் குலுக்கக் கூடாது. அம்மா உப்பு நார்த்தங்காய் வைத்திருக்கிறாள். ஆடிவிட்டு வந்து தயிர்ச் சோற்றோடு சாப்பிடு.

பார்சலில் ஒரு எடை மெஷினும் வரும். உடம்பைத் துடைத்துவிட்டு, அதே உடையளவில், ஆட்டத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் ஏறிப் பார். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. உன் எடைக்கு ஒரு கிலோ இருநூறு கிராமுக்கு மேல் குறைந்தால், அன்று நீ குடித்தது போதவில்லை என்று வைத்துக்கொள். ஒரு கிலோவுக்கு ஒன்றேகால் லிட்டர் என்ற கணக்கில், ஒரே மூச்சில் அல்லாமல், தூங்கப் போவதற்குள் மெல்ல மெல்ல ஈடுகட்டு. மாறாக எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறாய்.

பருத்திப் பனியன் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய பாலியஸ்டர் பனியன் மூன்று எடுத்துப்போய் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்று மாற்று. நெற்றிக்கும் மணிக்கட்டுக்கும் பட்டை போடு. ராக்கெட் பிடிக்குத் துணி கிரிப் சுற்று, ஆனால் வியர்வை ஊறி அட்டைபோல் இறுகியதும் மாற்றிவிடு. பதினோரு புள்ளியில் ஒரு நிமிடமும், ஆட்டங்களுக்கு நடுவே இரண்டு நிமிடமும் இடைவேளை உண்டு. அந்த நேரத்தைப் பேச்சில் விடாமல், ஐஸ் சுற்றிய துண்டைக் கழுத்தில் வை. ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து உலர்த்து. தொடை இடுக்கில் படர்தாமரை வந்தால் கடைக்காரர் எடுத்துத் தரும் கலவைக் களிம்பைப் பூசாதே. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, முதலில் அடங்கி, பிறகு பெரிதாகப் பரவும். மருத்துவரிடம் காட்டு. தும்மலுக்கு நீ போடும் மாத்திரை தூக்கம் வரவைக்கும் வகையா என்றும் அவரிடமே கேள். அந்த வகையில் சில வியர்வையையே குறைத்துச் சூட்டை உள்ளே தேக்கிவிடும். நாற்காலியில் சும்மா இருக்கும்போதும் வியர்த்து, நெஞ்சு படபடத்து, எடையும் குறைந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அப்படித்தான் தொடங்கியது, நாம் எட்டு மாதம் தாமதித்தோம்.

தண்ணீர் குடி என்று மறுபடியும் சொல்கிறேன். தலை சுற்றினால், குமட்டினால், அந்தப் புழுக்கத்திலும் உடம்பு சிலிர்த்தால், எத்தனை புள்ளி ஆனாலும் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து காற்றில் உட்கார். பேச்சுக் குழறினாலோ எங்கே இருக்கிறோம் என்பது புரியாமல் போனாலோ, உடனிருப்பவர்கள் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஐஸ் வைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை உன்னோடு ஆடும் பெண்ணுக்கு இப்போதே சொல்லி வை.

சின்னம்மா சொல்லிவிட்டாள், பாப்பா. மூன்றாவது ஆட்டத்தில் நீ வாந்தி எடுத்து, சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்ததையும், அவள் மகள் உன்னை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்ததையும், அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கியதையும் சொன்னாள். அந்தப் பெண்ணைத் திட்டாதே. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு இரவெல்லாம் கோயம்புத்தூர்தான் நினைவில் நின்றது.

உனக்கு அப்போது பதினான்கு வயது. அதுவும் மே மாதம், மூடிய அரங்கு. இரண்டாவது ஆட்டம் முடிந்து நீ நீலப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தபோது, நடுவில் குடித்தால் வயிறு கனக்கும், கால் ஓடாது என்று சொல்லி உன் கையிலிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கள் காலத்தில் எனக்குச் சொல்லித் தந்ததை நான் சரிபார்க்கவே இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் கெண்டைக்கால் இழுத்து நீ கீழே விழுந்தாய். தோற்று வந்த உன்னிடம், மலையில் வளர்ந்த உடம்பு இவ்வளவுதானா என்று கேட்டேன். பஸ்ஸில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ சன்னல் பக்கம் திரும்பிக் காலைப் பிசைந்துகொண்டே வந்தாய். அடுத்த வருடம் நீ மாவட்ட அளவில் ஜெயித்து வந்தபோது தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இன்றும் அந்தக் கோப்பையைத் துடைத்துத்தான் வைக்கிறேன். ஆனால் அந்தப் பஸ்ஸுக்குப் பிறகு, வலிக்கிறது என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை. பாட்டிலை வாங்கி வைத்தது என் தவறு. பேசாமல் வந்தது அதைவிடப் பெரிய தவறு. இதை உன்னிடம் சொல்ல எனக்குப் பதின்மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

நீ ஆட்டத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த வாரம் ஓய்வெடு. மருத்துவரை ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு இருபது நிமிடத்தில் தொடங்கு. அன்றிலிருந்து முன் எடை, பின் எடை என்று இரண்டு எண்ணை மட்டும் எனக்கு எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம். எவ்வளவு குறைந்திருந்தாலும் குறைந்ததைக் குறைந்தது என்றே எழுது.

அன்புடன்,
அப்பா