லேசர்னா கண்ணாடிய கழட்டறது மட்டும் இல்லைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கண்ணுக்கு லேசர்னாலே கண்ணாடிய தூக்கிப் போடற விளம்பரம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. சுகர்காரங்களுக்குப் போடற லேசர் வேற, அத பத்தி உங்க பேப்பர்ல பெருசா எழுதணும்.

சுகர் முத்திப்போனா விழித்திரைல புதுசா மெல்லிசு ரத்தக்குழாய்ங்க முளைக்குது, அது வெடிச்சு உள்ள ரத்தம் கொட்டிடுச்சுன்னா திடீர்னு பார்வை மறைஞ்சிடும், அதுக்கு முன்னாடியே விழித்திரையோட ஓரத்துல நூத்துக்கணக்குல பொடிப்பொடி புள்ளியா லேசர்ல சூடு வெச்சா அந்தக் குழாய்ங்க சுருங்கிடும். 1970கள்ல அமெரிக்காவுல நடந்த ஆய்வுலயே, பார்வை மோசமா போற அபாயம் இதனால பாதிக்கு மேல குறையுதுன்னு தெரிஞ்சிடுச்சு.

எங்க அத்தை முதல் சிட்டிங் முடிஞ்சு வந்து, "தாடைய ஸ்டாண்டுல வெச்சு பளிச் பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சாங்க, பார்வை ஒண்ணும் தெளியலையே"ன்னு அடுத்த சிட்டிங்குக்குப் போகவே இல்ல. இந்த லேசர் இருக்கிற பார்வைய காப்பாத்தத்தான், போனத கொண்டுவர இல்ல, ராத்திரி பார்வைகூட கொஞ்சம் மங்கலாம்னு ஆஸ்பத்திரில ஒருத்தரும் உக்காரவெச்சு சொல்லல. சொல்லியிருந்தா போயிருப்பாங்க, அதான் எனக்கு வருத்தம்.

சுகரால வர்ற இந்தக் கண் பாதிப்புல ஆரம்பத்துல வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. அதனால சுகர் மாத்திரை குடுக்கிற இடத்துலயே, வருஷம் ஒருதடவை சொட்டு மருந்து விட்டு விழித்திரைய பாத்தாச்சான்னு கேக்கணும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்