மருதாணி இரவுக்கு யார் டெஃப் அடிப்பது?

அன்பு மகளுக்கு,

நம் ரோமா மக்களின் வசந்தத் திருநாள் ஹெர்தெலெசி முடிந்துவிட்டது. வாசலில் கட்டிய வில்லோ மரக் கிளைகள் காய்ந்து சருகாகிவிட்டன, உன் அப்பா இன்னும் அவிழ்க்கவில்லை. இந்த வருடம் ஆட்டுக்குட்டி விற்ற விலைக்கு நாங்களும் அத்தை வீடும் சேர்ந்துதான் ஒன்று வாங்க முடிந்தது. உன் பங்குக் கறியைப் பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கொடுத்தேன். மே 6 அன்று நீ போன் செய்வாய் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வேலை இருந்திருக்கும் என்று நானே சொல்லி வைத்தேன்.

தம்பியின் கல்யாணம் ஆகஸ்டில்தான். ஜெர்மனி, ஆஸ்திரியா என்று போனவர்கள் எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தானே ஊருக்கு வருகிறார்கள். ஸ்கோப்யே நகரத்தில் நம் ஆட்கள் வாழும் ஷுட்காவில் அப்போது வாத்தியக்காரர் கிடைப்பது குதிரைக்கொம்பு. தம்பிக்கு கீபோர்டும் சாக்ஸபோனும் வேண்டுமாம், ஜன்னல் அதிரும் ஸ்பீக்கர் வேண்டுமாம். ஸுர்லாக் குழல் ஊதாமல் என் வீட்டுக்கு மருமகள் வரமாட்டாள் என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பெண் அழைக்கப் போகும்போது ஸுர்லாவும் தபான் மேளமும், சாயங்காலம் தம்பியின் பேண்டு என்று முடிவானது. ஒரு ஸுர்லாக்காரர் பாட்டை எடுத்துக்கொண்டு போக, மற்றவர் மூச்சை விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த இரண்டாமவரைத் தேடித்தான் அப்பா இப்போது அலைகிறார். முதல் ஸுர்லா ஊத எல்லோருக்கும் ஆசை. அடிச்சுரம் பிடிக்க ஆள் இல்லை.

என் கவலை அது இல்லை. மருதாணி இரவுக்கு டெஃப் என்கிற கைப்பறையை யார் அடிப்பது? அத்தைக்கு மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா நான், ஆட வேண்டியவள். உட்கார்ந்து அடிக்க முடியாது. உன் பாட்டியின் டெஃப்பை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். 1963 ஜூலை 26 விடியற்காலையில் பூகம்பத்தில் ஸ்கோப்யே இடிந்து விழுந்தபோது, டோபானாப் பகுதியில் இருந்த பழைய வீட்டிலிருந்து பாட்டி பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு மறுபடி உள்ளே போய் எடுத்து வந்ததாயிற்றே. ஆயிரம் பேருக்கு மேல் செத்த நாளில் இதற்காகவா உள்ளே போனாய் என்று தாத்தா கடைசி வரைக்கும் திட்டினார். விளிம்பில் ஒரு பித்தளைச் சில்லு விழுந்த இடத்தில் பழைய தினார் காசைத் துளையிட்டுக் கோத்திருக்கிறதே, அது இன்னும் இருக்கிறது. மற்றச் சில்லுகள் கலகலக்கும்போது அது மட்டும் மந்தமாகத் தட்டும். தோல் தொய்ந்திருந்தது. அடுப்புக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கட்டை விரலால் தட்டிப் பார்த்தால் இப்போது கேட்கும்படி இருக்கிறது. உன் கைக்குத்தான் அது சரியாக வரும். எனக்கே அப்படி வராது, அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

நன்றாகச் சாப்பிடு. அந்த ஊர்க் குளிரில் காலையில் ரொட்டியும் காப்பியும் மட்டும் போதாது.

பெரியம்மா மகன் தன் போனில் உன் நடன வகுப்பு விளம்பரத்தைக் காட்டினான். படம் அழகாக இருந்தது. தெருவில் நாலு பேருக்குக் காட்டினேன். கீழைநாட்டு நடனம் என்று போட்டிருக்கிறதாம், ஆசிரியை மாசிடோனியாவைச் சேர்ந்தவர் என்று போட்டிருக்கிறதாம். மாசிடோனியாதானே, பொய் ஒன்றும் இல்லை. வாடகை கட்ட வேண்டும், இடம் கொடுப்பவன் கொடுக்க வேண்டும், இதெல்லாம் எனக்குத் தெரியாதா? இன்னும் ஏதாவது போட்டிருக்கிறதா என்று அவனிடம் கேட்டேன். அவ்வளவுதான் என்றான்.

வீடியோவும் பார்த்தேன். அந்த அகலப் பாவாடை எங்கிருந்து வந்தது? கையில் பிடித்து வீசுகிறார்கள், தலையில் ரோஜா வேறு. நம் வீட்டில் யார் அப்படி ஆடினார்கள்? ஷல்வாரி என்ற தொளதொளக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடிய பாட்டிக்குத் தட்டு அகல இடம் போதும். நம் சோச்செக் ஆட்டத்தில் கால் ஊர்வதே தெரியக் கூடாது. தோள் ஆட வேண்டும், வயிறு ஆட வேண்டும், முகம் ஒன்றும் தெரியாததுபோல் இருக்க வேண்டும். ஒன்பது எண்ணிக்கையில் இரண்டு, இரண்டு, இரண்டு என்று போய்க் கடைசி மூன்றில் நீள்கிறது இல்லையா, அங்கே அவசரப்படக் கூடாது. உன் வகுப்பில் அந்தப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் அவசரப்படுகிறார்கள். நீ அவசரப்படவில்லை. கூட்டத்தில் உன் இடுப்பைப் பார்த்தே நீ யார் மகள் என்று சொல்லிவிடலாம், தெரிந்தவர்களுக்கு.

காஜோ பெண்களுக்கு, அதாவது ரோமா அல்லாதவர்களுக்கு, கற்றுக்கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. நம் பாடகி எஸ்மா ரெஜெபோவாவுக்கு அக்கார்டியன் வாசித்து, அவரை உலகம் முழுக்க அழைத்துப்போன ஸ்டெவோ தெயோடோசியெவ்ஸ்கி நம்மவரா என்ன? இருவரும் 47 பிள்ளைகளை எடுத்து வளர்த்து வாத்தியம் பழக்கினார்கள். ஆனால் எஸ்மா 1950களில் ஸ்கோப்யே வானொலியில் பாடியபோது நம் ரோமானி மொழியில் பாடினார். அப்போது நம் ஆட்கள் மேடையில் வேறு மொழியில் பாடித்தான் பிழைத்தார்கள். பொது இடத்தில் பாடும் பெண்ணுக்கு நம் தெருவிலேயே நல்ல பெயர் கிடையாது. வெளியிலும் ஏச்சு, வீட்டிலும் ஏச்சு. அப்புறம் 1976இல் இந்தியாவில், சண்டிகரில், ரோமா இசையின் ராணி என்று அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். ஏசியவர்கள் எல்லோரும் அவர் தங்களுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்று சொல்லிக்கொண்டார்கள், உன் தாத்தா உட்பட. இதை நான் உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்.

போன வாரம் நான் கூப்பிட்டபோது உன் சின்னவள் எடுத்தாள். பக்கத்தில் யாரோ தோழி இருந்தாள் போல. யார் பேசுவது என்று அவள் கேட்க, இவள் ஜெர்மனில் பதில் சொன்னாள். பாட்டி என்பது புரிந்தது. அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னாள், அது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள். குழந்தைதானே, கேட்டதைச் சொல்கிறது. பிறகு என்னிடம் ரோமானியில் இரண்டு வார்த்தை பேசினாள், அழகாகத்தான் பேசினாள். அவளையும் கட்டாயம் அழைத்து வா. சல்லடையை அலங்கரித்துத் தூக்கிக்கொண்டு நான் ஓரோ என்ற வரிசை ஆட்டத்துக்கு முன்னால் போகும்போது எனக்குப் பின்னால் நீ, உனக்குப் பின்னால் அவள். அந்த இரண்டு இடத்தையும் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் மனத்தாங்கல்தான் அவளுக்கு. போகட்டும்.

உன் வகுப்புப் பெண்களில் யாருக்காவது ஆசை இருந்தால் அவர்களையும் கூட்டி வா. மாடி அறை காலியாக இருக்கிறது. முன்கூட்டியே அவர்களிடம் நீ எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். வரட்டும், மருதாணி வைத்துக்கொள்ளட்டும், யார் வீடு என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பாவாடை வேண்டாம் என்று சொல். தட்டையான செருப்பு வேண்டும், தெருவில் மணிக்கணக்கில் ஆட வேண்டியிருக்கும். வாத்தியக்காரர் நெற்றியில் ஒட்டச் சில்லறை நோட்டும் வேண்டும், ஐந்து யூரோ போதும். உன் மாமா ஐம்பது ஒட்டுவார், அவரைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம்.

ஜூன் தாண்டினால் டிக்கெட் விலை ஏறிவிடும். எத்தனை பேர் என்று உடனே சொல், தெருவில் மெத்தை கேட்டு வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா